கொலஸ்ட்ராலைக் குறைக்க எந்த கேப்ஸ்யூல் வாங்கலாம்?

கேள்வி: "என் கணவருக்கு வயது 44. சர்க்கரை, பிரஷர் இல்லை. சிகரெட் இல்லை, சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் குடிப்பார். கம்பெனி செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 190, எல்டிஎல் 162 என்று வந்தது. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். இவருக்கோ மாத்திரை என்றாலே பயம். பூண்டு, மஞ்சள், மீன் எண்ணெய், குக்குலு, ரெட் ஈஸ்ட் ரைஸ் என்று ஆன்லைனில் ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறார். இதில் எதை வாங்குவது?"

எதுவும் வேண்டாம். வாங்க வேண்டிய ஒரே பொருள் அந்த லிஸ்ட்டில் இல்லை. மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கென்று அட்டைப்பெட்டியில் விற்கிறோமே, இசப்கோல், அதுதான். அதுவும் தனியாகப் பெரிதாக எதையும் சாதித்துவிடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முன்னால் ரிப்போர்ட்டை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது) என்று போட்டிருக்கும் எண் பெரும்பாலான லேப்களில் நேரடியாக அளந்தது இல்லை, கணக்குப் போட்டது. மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லைக் கழிப்பார்கள். ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 238ல் 38 போனால் 200. 190ல் ஐந்தில் ஒன்று 38. அதையும் கழித்தால் 162. உங்கள் லேப்பும் இப்படித்தான் போட்டிருக்கிறது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இந்த ரிப்போர்ட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, 162 என்ற எல்டிஎல். இன்னொன்று, ஏறிய ட்ரைகிளிசரைடும் இறங்கிய எச்டிஎல்லும் சேர்ந்த ஜோடி. முதலாவது எந்த வகைக் கொழுப்பைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு நார்ச்சத்து உள்ளே போகிறது என்பதற்குக் கட்டுப்படும். இரண்டாவது சோறு, சர்க்கரை, மது, தொப்பை, நடை இவற்றுக்குக் கட்டுப்படும். இந்த இரண்டாவது ஜோடி நம்மவர்களிடம் ரொம்பவே சகஜம். தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளில் எடுத்து 2014ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எச்டிஎல் குறைவாக இருந்தது. அதனால் "எண்ணெயை நிறுத்தினேன், ட்ரைகிளிசரைடு குறையவில்லையே" என்று கவுன்ட்டரில் வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இட்லி எத்தனை, காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்றுதான்.

சாப்பாட்டில் கை வைக்கும் முன் தைராய்டு டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும். அதைக் கவனிக்காமல் ஓட்ஸைத் தின்றுகொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. அவருடைய அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா என்றும் கேளுங்கள். வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். எல்டிஎல் 190க்கு மேல் இருப்பவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

சரி, கேப்ஸ்யூல்களுக்கு வருவோம்.

பூண்டு. 2007ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி மாத்திரை, பதப்படுத்திய பூண்டுச் சாறு என்று மூன்று வடிவில், எல்டிஎல் மிதமாக ஏறியிருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். எதிலும் எல்டிஎல் குறையவில்லை. ரசத்தில் பூண்டு தட்டிப் போடுங்கள், ருசியாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

குக்குலு நம் ஊர்ச் சரக்கு, ஒரு மரப்பிசின். 1980-களில் இந்தியாவில் கொழுப்பைக் குறைக்கும் மருந்தாகவே அங்கீகாரம் பெற்றது. ஆனால் 2003ல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் நான்கைந்து சதவீதம் ஏறியது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5 சதவீதம் இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 வேண்டும். பாட்டிலின் முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் இபிஏ, டிஎச்ஏ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அவைதான் ஒமேகா-3, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சாதாரண கேப்ஸ்யூலில் 300 மி.கி. அளவில்தான் வரும். அப்படியானால் 2 கிராமுக்கே ஆறேழு கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும். எல்டிஎல்லோ அசையாது, சிலருக்குக் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். உயர்ந்த அளவில் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் சற்றுக் கூடுகிறது. 190 ட்ரைகிளிசரைடுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மீன் சாப்பிடுபவர் என்றால் வாரம் இரண்டு நாள் மத்தியோ கானாங்கெளுத்தியோ குழம்பு வையுங்கள், பொரிக்க வேண்டாம்.

மஞ்சள் கேப்ஸ்யூலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. "இங்கிலீஷ் மாத்திரை லிவரைக் கெடுக்கும்" என்று பயந்துதான் பலரும் இதற்குப் போகிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது. ஆனால் செறிவூட்டிய குர்குமினை, அதிலும் உடம்பு நன்றாக உறிஞ்ச வேண்டுமென்று மிளகுச் சத்து சேர்த்ததை, சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

இப்போது ரெட் ஈஸ்ட் ரைஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லிஸ்ட்டில் எல்டிஎல்லை உண்மையிலேயே குறைக்கக்கூடியது இது ஒன்றுதான், ஆபத்தும் இதில்தான் அதிகம்.

சோற்றில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்தால் சோறு சிவப்பாகும். சீனாவிலும் ஜப்பானிலும் உணவுக்கு நிறம் ஏற்ற நெடுங்காலமாகப் பயன்படுவது. அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் முதல் பொருளை 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெனிசிலியம் பூஞ்சையில் கண்டுபிடித்தார். 1979ல் மொனாஸ்கஸிலிருந்தும் ஒன்றைப் பிரித்தெடுத்து மொனகோலின் கே என்று பெயர் வைத்தார். அதே மூலக்கூறைத்தான் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்து, 1987ல் லோவாஸ்டேட்டின் என்ற பெயரில் மாத்திரையாகக் கொண்டுவந்தது. கொலஸ்ட்ராலுக்கு டாக்டர்கள் எழுதும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகளில் சந்தைக்கு முதலில் வந்தது அதுதான்.

ஆக, உங்கள் கணவர் ஸ்டேட்டின் வேண்டாம் என்று ஓடிப்போய்ப் பிடித்திருப்பது ஒரு ஸ்டேட்டினையேதான். மாத்திரையில் 10 மி.கி. என்றால் 10 மி.கி. இருக்கும். இந்தக் கேப்ஸ்யூலில் எவ்வளவு மொனகோலின் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல லேபிள்களில் அளவே போட்டிருக்காது. தசைவலி போன்ற பக்கவிளைவுகள் இரண்டுக்கும் ஒன்றுதான். போதாக்குறைக்கு, பூஞ்சையைச் சரியாக வளர்க்காவிட்டால் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சும் உண்டாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022ல் ஒரு நாள் அளவில் மொனகோலின் 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. 2024ல் ஜப்பானில் கொலஸ்ட்ராலைக் குறைக்க என்று விற்ற ஒரு சிவப்பரிசிப் பூஞ்சை மாத்திரையில் வேறொரு பூஞ்சையின் நஞ்சு கலந்துபோய், நூற்றுக்கணக்கானோர் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இயற்கை என்ற சொல்லை நம்பி வாங்கியவர்கள்தான் அவர்களும்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரினுக்கும் எல்டிஎல்லைக் குறைக்கும் தன்மை உண்டு. ஆனால் வேறு மருந்துகளோடு குறுக்கிடும், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் எடுக்கும் பொருள் இல்லை.

இவற்றில் பலவற்றை ஒரே ஆய்வில் வைத்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 2022ல் வெளியிட்டது. மீன் எண்ணெய், லவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், ரெட் ஈஸ்ட் ரைஸ் ஆறையும் வெற்று மாத்திரையோடும், 5 மி.கி. ரோசுவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினோடும் 28 நாள் ஒப்பிட்டார்கள். ரோசுவாஸ்டேட்டின் எல்டிஎல்லை ஏறத்தாழ 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை, ரெட் ஈஸ்ட் ரைஸும்தான்; கேப்ஸ்யூலில் மொனகோலின் எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்றேனே. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டேட்டின் தயாரிக்கும் நிறுவனம், 28 நாள் குறைவான காலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பூண்டு, குக்குலு பற்றி வேறு ஆய்வுகள் சொன்னதும் இதே கதைதான்.

தாவர ஸ்டெராலுக்கு, அதாவது செடிகளில் உள்ள கொலஸ்ட்ரால் போன்ற பொருளுக்கு, மட்டும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு 2 கிராம் உள்ளே போனால் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் குறையும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபின்லாந்தில் 1995 முதல் இந்த வகைப் பொருளை வெண்ணெய்க்குப் பதிலான மார்ஜரினில் கலந்து விற்கிறார்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட உணவு எளிதில் கிடைப்பதில்லை, கேப்ஸ்யூலில் 2 கிராம் சேர்வதும் கஷ்டம். விட்டுவிடலாம்.

இசப்கோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு டம்ளர் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் உமியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கெட்டிப்பட்டு நிற்கும். குடலிலும் இதுதான் நடக்கிறது. சாப்பாட்டுக் கொழுப்பைச் செரிக்க கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அந்தப் பித்த அமிலங்கள் கொலஸ்ட்ராலில் இருந்து செய்யப்படுபவை. வழக்கமாக வேலை முடிந்ததும் குடல் அவற்றை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். இந்தக் கூழ் அவற்றில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தநீர் செய்ய வேண்டும், அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு 10 கிராம் அளவில் சாப்பிட்டால் எல்டிஎல் சராசரியாக 13 புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது.

10 கிராம் என்றால் தோராயமாக இரண்டு டேபிள்ஸ்பூன். எடுத்த எடுப்பில் அவ்வளவு போட்டால் வயிறு உப்பும், காற்று பிரியும், இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். காலையும் இரவும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும்; விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. வேறு மாத்திரை ஏதும் எடுத்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். ஆரஞ்சு வாசனை போட்ட டப்பாவில் சர்க்கரை இருக்கலாம், வெறும் உமியாக வாங்குங்கள்.

இதே வேலையைச் செய்யும் கூழ் நார் வெண்டைக்காயின் வழவழப்பிலும், ஓட்ஸிலும், வெந்தயத்திலும், பருப்பு வகைகளிலும் இருக்கிறது. கனடாவின் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003ல் ஓர் உணவுமுறையைச் சோதித்தது. ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால். கூடவே காய்களில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? வெண்டைக்காயும் கத்தரிக்காயும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாதம் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது. லோவாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களுக்கு 31. வெறுமனே கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு 8. இதை மட்டும் எடுத்து "மாத்திரைக்குச் சமமான உணவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவார்கள். ஆனால் அந்த 46 பேருக்கும் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். அதே குழு 2011ல், வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று ஆலோசனை மட்டும் சொல்லி அனுப்பியபோது கிடைத்தது 13, 14 சதவீதம். நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் இந்த அளவுதான். 162ல் 14 சதவீதம் என்றால் 23 புள்ளி, 139க்கு வரும். சாப்பாட்டில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) இப்போது நிறையப் போகிற வீடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

அதனால் அடுப்படியைப் பார்ப்போம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அது விலங்கு உணவில் மட்டுமே இருப்பது. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போடுவதில் எந்தப் பெருமையும் இல்லை. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 85 சதவீதத்துக்கு மேல். ரேஷன் பாமாயிலில் 40ஐ ஒட்டி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 15 முதல் 20க்குள். சூரியகாந்தியில் அதைவிடக் குறைவு. "தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லை ஏற்றுமே" என்பார்கள். ஏற்றும், எல்டிஎல்லையும் சேர்த்து ஏற்றும். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும், ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள். செக்கா ரீஃபைண்டா என்பது இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. பொரியலில் தூவும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். வாரத்தில் நான்கு நாள் தேங்காய்ப்பால் குழம்பு என்றால் கவலைப்படுங்கள்.

யாரும் கவனிக்காதது பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. அரை லிட்டர் ஆரஞ்சுப் பாலில் 30 கிராம் கொழுப்பு, அதில் 18 கிராம் அளவுக்கு நிறைகொழுப்பு. எல்டிஎல் குறைக்க வேண்டிய ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 13 முதல் 15 கிராம்தான் வரம்பு. காபி, தயிர் என்று அரை லிட்டர் அவர் ஒருவருக்கே போகிறது என்றால், வேறு எதையும் தொடாமல் நீல பாக்கெட்டுக்கு மாறினாலே பாதி குறைந்துவிடும். காபி டிகாஷனிலும் ஒரு சின்ன விஷயம்: காபிக் கொட்டையில் எல்டிஎல்லை ஏற்றும் எண்ணெய்ப் பொருள் ஒன்று உண்டு. காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். நம் எவர்சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஒரு நாளைக்கு இரண்டு காபி என்றால் பரவாயில்லை. ஆறு குடிப்பவர் என்றால் குறைக்கட்டும்.

முட்டை ஒரு நாளைக்கு ஒன்று சாப்பிடலாம். மட்டன் மாதம் இரண்டு தடவை. பேக்கரி பஃப்ஸ், க்ரீம் பிஸ்கட், பாக்கெட் சிப்ஸ் இவைதான் வீட்டில் மிச்சம் பிடித்த எண்ணெயை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுபவை. சாயந்திரம் அந்த இடத்தில் சுண்டல் வையுங்கள். வேகவைத்த பயறு, கடலை வகை தினம் ஒரு கிண்ணம், அதாவது 130 கிராம் சாப்பிட்டால் எல்டிஎல் 5 சதவீதம் குறைவதாகத் தெரிகிறது. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்களே, கொள்ளும் இந்தக் கணக்கில் வரும். அதற்கென்று தனி மந்திரம் ஒன்றும் இல்லை, மூக்கடலையும் தட்டைப்பயறும் அதே வேலையைச் செய்யும். ஒரு கைப்பிடி பாதாம் அல்லது வறுத்த நிலக்கடலையும் நல்லதுதான், மிக்சருக்குப் பதிலாகச் சாப்பிட்டால். மிக்சரோடு சேர்த்துச் சாப்பிட்டால் எடைதான் ஏறும்.

ட்ரைகிளிசரைடு ஜோடிக்கு வேறு வழி. சனிக்கிழமைக் கணக்கை மூன்று மாதத்துக்கு நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு இது ஒன்றிலேயே எண் சட்டென்று இறங்கும். காபிக்குச் சர்க்கரை வேண்டாம், நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இதில் விதிவிலக்கு இல்லை. சோற்றின் அளவைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும். தினம் முக்கால் மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை. நடையால் எல்டிஎல் பெரிதாகக் குறையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். ட்ரைகிளிசரைடும் இடுப்புச் சுற்றளவும் குறையும், எச்டிஎல் சற்று ஏறும். 80 கிலோ எடை உள்ளவர் ஐந்தாறு கிலோ குறைத்தாலே ரிப்போர்ட்டில் தெரியும்.

மாத்திரை பயம் பற்றி. 10 மி.கி. அட்டோர்வாஸ்டேட்டின் எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும், ஒரு நாளைக்குச் சில ரூபாய்தான் ஆகும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2020ல் முடிவு வந்தபோது, ஸ்டேட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்திருந்தது. தசைவலி நிஜமாகவே வருபவர்களும் உண்டு, அவர்களுக்கு மருந்தையோ அளவையோ மாற்றலாம். ஒருமுறை போட்டால் நிறுத்தவே முடியாது என்பதும் தவறு. நிறுத்தலாம், எல்டிஎல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இசப்கோலை நிறுத்தினாலும் அப்படியேதான்.

மூன்று மாதம் கழித்து அதே லேப்பில் எடுங்கள். காய்ச்சலோ பெரிய உடம்புக் கோளாறோ வந்திருந்தால் சில வாரம் தள்ளிப்போடுங்கள், அப்போது எண்கள் பொய் சொல்லும். முந்தின இரவு விருந்து வேண்டாம். ட்ரைகிளிசரைடுக்காக வெறும் வயிற்றில் போவது நல்லது. நாலைந்து புள்ளி ஏறி இறங்குவது இயல்பு, அதற்கு மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். கூடவே லைப்போபுரோட்டீன் ஏ என்ற டெஸ்ட்டையும் வாழ்நாளில் ஒரு தடவை எடுத்து வைக்கச் சொல்வேன். அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் அசையாது. அது அதிகமாக இருந்து, எல்டிஎல்லும் 140ஐ ஒட்டியே நின்றுவிட்டால், டாக்டர் மாத்திரை எழுதக்கூடும். எழுதினால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 130க்குக் கீழ் வந்து மற்றவை சரியாக இருந்தால் இப்படியே தொடர்ந்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.